கொக்கிப்புழுவும் நம் உடலின் காவலும்

1890களில் கெய்ரோவில் ஆய்வு செய்துவந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஆர்தர் லூஸின் கையில், கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருந்த நீர் தவறிச் சிந்தியது. அந்த இடம் சிவந்து அரித்தது. சில வாரங்களில் அவருடைய மலத்தில் புழுவின் முட்டைகள் காணப்பட்டன. இந்தப் புழு தோல் வழியாகவும் உடலுக்குள் வருகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

மலம் கலந்த ஈரமண்ணில் பொரிக்கும் இளம்புழு, வெறுங்காலைத் துளைத்து, தன் மேலுறையைக் கழற்றிவிட்டு நுழைகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொள்வதால்தான் அங்கே அரிப்பு. புழுவோ அங்கே நிற்பதில்லை. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. அங்கே குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கிறது. உடல் ‘இயோசினோஃபில்’ என்னும் வெள்ளணுக்களைப் பெருக்கிப் போராடுகிறது. புழு அந்தப் போராட்டத்தைத் தணிக்கும் பொருள்களைச் சுரந்து ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. பிள்ளைக்குச் சோகையும் சோர்வும் மிஞ்சுகின்றன.

அம்மை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் மறுபடி வராது. கொக்கிப்புழு அப்படியல்ல. மருந்தால் வெளியேற்றினாலும், அதே மண்ணை மிதித்தால் மீண்டும் வரும். ஆகவே மாத்திரை மட்டும் போதாது.

பெற்றோர்களே, பிள்ளைகள் செருப்பணிந்தே வெளியே போகட்டும். மலம் கழிக்கக் கழிப்பறையையே எல்லோரும் பயன்படுத்துங்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகத் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் அதைச் சாப்பிட வேண்டாம்.