மணித்தறி நெசவு – முதற் பாடம்

வேப்பம்பட்டிற்கு அண்மையிலுள்ள திரூரில் 1904-ம் வருஷத்திலேயே கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. கடன் அளிப்பதோடு, ஓய்வுக் காலத்துக்கேற்ற கைத்தொழிலைப் பேணுவதும் சங்கங்களுக்குத் தக்கதே. மணித்தறி நெசவு சொற்ப முதலில் தொடங்கத்தக்கது.

1. தறி: ஒரு முழ நீளமுள்ள மரச்சட்டத்தின் இரு முனைகளிலும், மணியின் அகலமே இடைவெளியாக, சிறு வெட்டுகள் இடுக.

2. பாவு: 10 மணி அகலமுள்ள பட்டைக்கு 11 இழைகள் வேண்டும். இரண்டிரண்டு இழைகளுக்கு நடுவே ஒரு மணி அமர்வதே இதன் காரணம். இழைகள் தளராதிருத்தல் அவசியம்.

3. ஊடை: ஊடை நூலை ஓர இழையில் முடிந்து, மெல்லிய ஊசியால் 10 மணிகளைக் கோத்து, பாவின் கீழே கொண்டு செல்க. விரலால் அவற்றை மேலே எழும்ப அழுத்தி, அதே துளைகளின் வழியே, பாவிழைகளுக்கு மேலாக ஊசியைத் திருப்புக. ஊசி கீழே சென்றுவிடின் மணிகள் நிலைபெறா.

4. மணி: பாப்பாநாயுடுபேட்டை கண்ணாடி மணிக்குப் பெயர்பெற்ற ஊர். குழலாக இழுத்து நறுக்கிய இத்தகைய மணிகள் யாவும் ஒரே பருமனாயிரா. ஆதலின் பொறுக்கிப் பிரித்த பின்னரே கோக்க வேண்டும். பருத்த மணிகள் கலந்தால் பட்டை கோணும். கோணிய பட்டையை வாங்குவாரில்லை.

அங்கத்தினர் தனித்தனியே வாங்கின் நிறமும் அளவும் வேறுபடும். சங்கத்தின் மூலம் ஒரே தொகுதியாக வாங்குக. முதற் பட்டை நேராக அமையும் வரையில் இதற்கெனக் கடன் பெறாதிருத்தல் நலம்.