அந்நியர்க்கு வழியுரைத்தல்: ஆற்றுப்படை, முட்டம் கடற்றொழில், இணையவழிக் கூட்டு விளையாட்டு – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

முன்பின் அறியாதவர்கள் இணையவழி விளையாட்டில் ஓர் அணியாகக் கூடி, வலிய எதிரியின் தாக்குமுறைகளை ஒருவர்க்கொருவர் கற்பிக்கின்றனர். இக்கற்பித்தல் எந்நிலையில் நிகழ்கிறது, எத்தகைய மொழியில் நிகழ்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மலைபடுகடாத்தின் வழியுரையும் முட்டம் கடற்கரையின் தொழிலறிவும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன. கற்போனின் பிழை கற்பிப்பவனையும் தாக்கும் இடத்தும், கற்போனின் பேறு கற்பிப்பவனின் பேற்றைக் குறைக்காத இடத்தும் அறிவு அந்நியர்க்கு வழங்கப்படுகிறது. குறைக்கும் இடத்து அது மறைக்கப்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படை, மலைபடுகடாம், கரமடி, முட்டம், இணைய விளையாட்டு, ஏவல் வினை

1. முன்னுரை

கல்வி என்றதும் ஆசிரியரும் மாணாக்கரும் ஒருவரையொருவர் அறிந்து பழகும் சூழலே நினைவுக்கு வருகிறது. நன்னூலின் பொதுப்பாயிரமும் ஆசிரியன், மாணாக்கன் ஆகிய இருவரின் இயல்புகளையும் தனித்தனியே வகுத்துரைக்கிறது. ஆயினும் ஒருமுறை கூடிப் பின் பிரிந்துவிடும் அந்நியரிடையேயும் கற்பித்தல் நிகழ்கிறது. தமிழில் இதற்கெனவே ஓர் இலக்கிய வகை உண்டு. பரிசில் பெற்று மீள்பவன் வழியில் எதிர்ப்பட்ட வறியவனுக்குத் தான் சென்ற நெறியைக் கூறி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. இம்மரபின் ஒளியில் இணையவழிக் கூட்டு விளையாட்டையும், அறிந்தவரிடையே நிகழும் கடற்றொழிற் கல்வியையும் ஒருங்குவைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. விளையாட்டுக் களத்தில் கற்றல்

2004-இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் பலர் கூடி நிலவறைக்குள் நுழைந்து, ‘பாஸ்’ எனப்படும் தலைமை எதிரியை வெல்ல வேண்டும். அடியைத் தன்மேல் ஏற்பவர், காயம் ஆற்றுபவர், தாக்குபவர் என அணியினரின் கடமைகள் பகுக்கப்பட்டுள்ளன. தொடக்கத்தில் அணி சேர்ப்பது வீரர்களின் பொறுப்பாயிருந்தது. நண்பர் குழுக்களே பெரிதும் கூடி ஆடின. 2009 டிசம்பரில் அறிமுகமான அணிதேடும் கருவி, ஐவரைத் தானே பொறுக்கிச் சேர்த்தது. அதன்பின் அந்நியரோடு கற்பது பொது நிகழ்வாயிற்று.

கற்க வேண்டுவது யாது? 2013-இல் மறுவடிவில் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ விளையாட்டின் டைட்டன் என்னும் எதிரியைச் சான்றாகக் கொள்ளலாம். இவ்வெதிரியோடான கடினநிலைப் போரில் எண்மர் இறங்குவர். களம் நாற்புறமும் விளிம்புடைய ஒரு மேடை. எதிரி நேர்க்கோட்டில் விடும் நிலச்சரிவுத் தாக்கு, அக்கோட்டில் நிற்பவரை மேடைக்கு வெளியே தள்ளிவிடும். வேறொரு தாக்கில் வீரர் கற்சிறைக்குள் அகப்படுவார்; அவரால் தாமே வெளிவர இயலாது, பிறர்தாம் சிறையை உடைக்க வேண்டும். காயம் ஆற்றுபவர் சிறைப்பட்டிருக்க, உடைக்க வேண்டுமென்பதை அறியாத புதியவர் எதிரியையே தாக்கிக்கொண்டிருந்தால் அணி முழுவதும் தோற்க நேரும். ஆகவே பழகியவர்க்குப் புதியவரின் அறியாமை தம் சிக்கலாகவே அமைகிறது.

இக்கற்பித்தல் மூன்று நிலைகளில் நிகழ்கிறது. போருக்கு முன் சில வரிகளில் தரும் குறிப்பு முதலாவது. போரின்போது ஓரிரு சொற்களில் எழும் ஏவல் இரண்டாவது. தோல்விக்குப் பின் ‘யார் எங்கு நின்றார்’ எனப் பேசும் பிழையாய்வு மூன்றாவது. மூன்றாம் நிலையிலேயே ஓர் அணியின் தன்மை வெளிப்படுகிறது. பிழையைக் காட்டும் சொல் பிழைத்தவரை இழிக்கும் சொல்லாக மாறின், புதியவர் வினவ அஞ்சி மௌனம் காப்பார். அதே பிழை மீளவும் நிகழும். வாக்கெடுத்து ஒருவரை அணியிலிருந்து நீக்கும் வசதியும் இருத்தலின், இவ்வச்சம் காரணமற்றதன்று.

விளையாட்டை வடிவமைத்தோர் இதனை உணர்ந்துள்ளனர். ‘ஃபைனல் ஃபேன்டசி 14’-இல் அணியுள் ஒருவர் அக்களத்தை முதன்முறை காண்பவராயின் அச்செய்தி அனைவர்க்கும் அறிவிக்கப்படும். களத்தை முடித்தால் எல்லார்க்கும் மிகைப்பரிசும் உண்டு. புதியவரின் வரவைப் பிறர்க்கு ஊதியமாக்கும் ஏற்பாடு இது.

3. மலைபடுகடாத்தின் வழியுரை

இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. (இரணியமுட்டம் வேறு, இக்கட்டுரை கூறும் குமரி மாவட்டத்து முட்டம் வேறு.) ஆற்றுப்படைகளுள் வழியின் இடர்களை மிக விரிவாக எடுத்துரைப்பது இதுவே. தினைப்புனத்தருகே பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ளமையின் இருளில் செல்லாது விடிந்தபின் செல்லுதல், பாம்புறையும் குழிகளை அறிந்து விலகுதல், யானையை ஓட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல்லுக்கு மரங்களில் மறைந்து பிழைத்தல், வழுக்கும் நீர்த்துறைகளில் பற்றுக்கோடு கொண்டு நடத்தல் என அறிவுரைகள் தொடர்கின்றன.

இவற்றின் அமைப்பு கருதத்தக்கது. இடம், இடர், இடரின் அறிகுறி, செய்யத்தக்க செயல் என்னும் நான்கும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. போருக்கு முன் பழகிய வீரர் தரும் குறிப்பும் இந்நான்கையே கொண்டிருக்கும்.

மற்றொரு செய்தி இவ்வொப்பீட்டுக்கு மேலும் அரண் செய்கிறது. பாதைகள் கவர்த்த இடத்தில் செல்லும் நெறியைத் தூய்மைசெய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறு கூத்தர் அறிவுறுத்தப்படுகின்றனர். பின்வருவோர் யாவர் என்பது புல்லை முடிபவனுக்குத் தெரியாது. விளையாட்டுக் களத்தின் தரையில் எழுத்தும் எண்ணும் கொண்ட குறிகளை இட்டு, இன்னார் இன்ன இடத்தில் நிற்க வேண்டும் எனக் காட்டும் வழக்கம் இதனோடு ஒருபுடை ஒத்தது. வேறுபாடும் உண்டு: களக்குறி அப்போதைய அணிக்கு உரியது, முடிந்த புல் இனி வருவோர்க்கு உரியது.

வழியுரைப்பவன் ஏன் உரைக்கிறான்? வள்ளலின் கொடை குன்றாது என்பது ஆற்றுப்படையின் அடிப்படை நம்பிக்கை. இன்னொருவன் சென்று பெறுவதால் முன் பெற்றவன் இழப்பது ஒன்றுமில்லை. புரவலன் புகழ் பரவுதலே விளையும்.

4. முட்டம் கடற்கரை: கரமடியும் பாரும்

முட்டம், குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில் பாறைமுனையும் மணற்கரையும் அடுத்தடுத்து அமைந்த மீனவர் ஊர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கரையோரம் அலை மிகும். அலைகள் கூட்டமாக வந்து இடையில் சற்றுத் தணியும். அத்தணிவைக் கண்டு கட்டுமரத்தைத் தள்ளி, அலை உடையும் பகுதியைக் கடப்பது கடற்கல்வியின் முதற்பாடம். இதனைச் சொல்லால் மட்டும் கற்பிக்க இயலாது. மூத்தவரோடு மரத்தில் ஏறி உடலாற் கற்க வேண்டும். கற்பிப்பவர் தந்தையாகவோ தாய்மாமனாகவோ அண்ணனாகவோ இருப்பது இயல்பு.

இக்கடற்கரைத் தொழில்களுள் கரமடி, கூட்டியக்கத்தைக் காட்டும் சிறந்த சான்று. வலைக்கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, வள்ளத்தில் சென்று வலையை வளைத்திட்டு, மறுமுனையைக் கரைசேர்த்தபின் இரு அணியினர் இரு புறமும் நின்று வலிப்பர். ஒரு புறம் விரைந்து மறுபுறம் தளர்ந்தால் வலை கோணும், மீன் தப்பும். ஆகவே கயிறு பிடிக்க வந்த புதியவனுக்கு நிற்கும் இடத்தையும் வலிக்கும் கதியையும் உடனிருப்போர் அப்போதே உணர்த்திவிடுவர். அவனது பிழை அனைவர் பங்கையும் குறைக்கும்.

கடலடிப் பாறைத்திட்டான ‘பார்’ பற்றிய அறிவு இதற்கு மாறானது. கரையிலுள்ள மலை, கோபுரம் போன்ற அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்வைத்து நோக்கி, நடுக்கடலில் பார் இருக்கும் இடத்தைக் கணிப்பது மரபு. மீன் செறியும் பாரைப் பிறர் அறிந்தால் கண்டவனின் வரவு குறையும். எனவே அவ்வறிவு உறவுக்குள்ளும் மரத்துக்குள்ளும் காக்கப்படுகிறது. ஒரே கடற்கரையில், ஒரே மக்களிடம், ஓர் அறிவு புதியவனுக்கு உடனே வழங்கப்படுவதும் மற்றோர் அறிவு மறைக்கப்படுவதும் மனப்பான்மையால் ஆவன அல்ல. பயன் பிணைந்துள்ள முறையால் ஆவன.

5. ஏவலின் மொழி

முன்னிலை ஏவல் ஒருமையில் வினைப்பகுதியே முற்றாக நிற்கும்: நில், வா, ஓடு. ஒலியளவிற் குறுகிய இவ்வடிவம் நொடிக்குள் செயல் வேண்டும் இடத்திற்குப் பொருந்துகிறது. கரமடியில் ‘வலி’ என்னும் ஏவலும் இத்தகையதே. இழுத்தல் என்னும் பொருளில் இச்சொல் இவ்வட்டாரத்தில் இன்றும் பெருவழக்கு.

அந்நியரிடையே இவ்வடிவம் இடர்ப்பாடு உடையது. உறவு தெரியாத ஒருவரை ஒருமையில் ஏவுவது மரியாதைக் குறைவாகும். மலைபடுகடாம் ‘-மின்’ ஈற்றுப் பன்மை ஏவலையும் ‘-இர்’ ஈற்று முன்னிலையையும் கையாள்கிறது. ஆங்கே கூறுவோன்முன் அவகாசம் உண்டு. தமிழில் உரையாடி விளையாடுவோர் போருக்கு முன் ‘நில்லுங்க’, ‘வாங்க’ எனத் தொடங்கிப் போரின் விரைவில் ‘நில்’, ‘வா’ என மாறுவதற்கு மொழியின் இவ்வமைப்பே இடந்தருகிறது. கரமடியில் உறவும் வயதும் முன்னரே தெளிவாதலின் ஒருமை ஏவல் உறுத்துவதில்லை. அந்நியரிடையே போருக்கு முன் காட்டிய பணிவுதான், பின் எழும் ஒருமை ஏவலைப் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது.

6. ஒப்பீட்டின் எல்லை

விளையாட்டில் தோற்ற அணி களத்தின் தொடக்கத்திற்கு மீண்டு மறுபடியும் முயலலாம். அங்குத் தோல்வியே கற்கும் கருவி. கடலில் அலைக்குத் தப்பாத மரத்திற்கு மறுமுயற்சி உறுதியன்று. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் இம்மாவட்டக் கடலோரம் இழந்த உயிர்களை நினைவுகூர்வார்க்கு இவ்வேறுபாடு விளக்கம் வேண்டாதது. கடற்கல்வி நெடுங்கால உடனுறைவையும் உறவின் நம்பிக்கையையும் வேண்டுவது இதனாலேயே. மலைவழியும் அத்தகையதாகலின், பிழைத்துக் கற்கும் வாய்ப்பில்லாத கூத்தர்க்குப் புலவர் இத்துணை விரிவாக உரைக்க வேண்டியதாயிற்று.

முடிவுரை

1. அந்நியர்க்குக் கற்பித்தல் கொடைக்குணத்தால் மட்டும் நிகழ்வதன்று. கரமடியிலும் விளையாட்டிலும் புதியவரின் பிழை அனைவரையும் தாக்குகிறது. ஆற்றுப்படையில் புதியவரின் பேறு பழையவரின் பேற்றைக் குறைப்பதில்லை. இவ்விரு நிலைகளிலும் அறிவு வழங்கப்படுகிறது.

2. பார் அறிவில் பிறர் பேறு தன் இழப்பாதலின் அறிவு மறைக்கப்படுகிறது.

3. இடம், இடர், அறிகுறி, செயல் என்னும் நான்கனையும் சேர்த்துரைக்கும் அமைப்பு மலைபடுகடாத்திற்கும் விளையாட்டுக் குறிப்பிற்கும் பொதுவானது.

4. மறுமுயற்சிக்கு வாய்ப்புள்ள களத்தில் முன்னுரை சுருங்கி ஏவலும் பிழையாய்வும் பெருகுகின்றன. வாய்ப்பில்லாத களத்தில் முன்னுரையோ உடனுறைவோ பெருகுகிறது.

இளையோர் விளையாட்டைப் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடாமல், அங்கு வழங்கும் தமிழின் ஏவல் வடிவங்களையும் பிழையுரைக்கும் முறைகளையும் தொகுத்து ஆராய்வது மொழியியலார்க்கும் இலக்கிய ஆய்வாளர்க்கும் பயன்தரும்.