முதலில் அடிமனை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பள்ளி வாரியத்துக்கு உன்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. உன் வயதில் இந்தப் பொறுப்பை ஏற்க முன்வருகிறவர்கள் நம் பேராக்கில் குறைவு. பிள்ளைகளுக்கு மண்டபம் வேண்டும், கூரை ஒழுகுகிறது, இரண்டு வகுப்பறைகளில் மின்கம்பி பழசாகிவிட்டது, கழிப்பறைக் கதவுகளைக் கரையான் அரித்துவிட்டது என்று மூச்சுவிடாமல் எழுதியிருக்கிறாய். எந்த அமைச்சுக்கு மனு போடுவது என்றும் கேட்டிருக்கிறாய். மனு எழுதத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடு. உங்கள் பள்ளி நிற்கும் அடிமனை யார் பெயரில் இருக்கிறது?

இந்தக் கேள்வி நம் தோட்டப் பள்ளிகளோடு கூடவே பிறந்தது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று வெள்ளைக்காரர் காலத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது தெளிவாக இருக்கிறது. துரைமார்களும் பள்ளி கட்டினார்கள். லயத்துக்குப் பக்கத்தில், ஆயாக் கொட்டகைக்கு அருகில், பாதி பலகை பாதி செங்கல் சுவர், மேலே தகரக் கூரை. ஆசிரியருக்குச் சம்பளம், பிள்ளைகளுக்குச் சிலேட்டு எல்லாம் வந்தன. ஆனால் பள்ளிக்கென்று தனிப் பட்டா வரவில்லை. நிலம் கம்பெனியுடையது, கட்டடமும் கம்பெனியுடையது. ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோதும், தோட்டத்தை வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்றபோதும் பள்ளி பழைய இடத்திலேயே நின்றது. நிலம் மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தது. இன்று பேராக்கிலுள்ள 134 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் தோட்டம் இருக்கிறது, சுற்றிப் பார்த்தால் தாமான் வீடுகள்தான் தெரிகின்றன.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசு தரும் பணத்தை இரண்டாகப் பிரிக்கிறது. நிலம் வாங்க, கட்டடம் கட்ட, இருப்பதை மாற்றவோ விரிவாக்கவோ, மேசை நாற்காலியும் கருவிகளும் வாங்கத் தருவது மூலதன மானியம். அதில் சேராத மற்ற உதவிகளெல்லாம் வேறு வகை. முழு உதவி பெறும் பள்ளிக்கு இரண்டும் உண்டு. பகுதி உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, பாடத்திட்டமும் ஒன்றுதான், ஆனால் நிலமும் கட்டடமும் வாரியத்தின் தலையில் விழுகின்றன. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேலானவை இந்த இரண்டாம் வகை. உங்கள் பள்ளியும் அதில்தான் சேரும். அதனால்தான் தாமான் நடுவிலுள்ள அரசுப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்பும்போது, நாம் கூரைத் தகரத்துக்கு உண்டியல் ஏந்தி நிற்கிறோம்.

சிறப்பு ஒதுக்கீடுகள் அவ்வப்போது வரும். 2012ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கென்று 10 கோடி ரிங்கிட் அறிவித்தார்கள். அது நல்ல காரியம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணம் வருகிற ஆண்டில் யாருடைய கோப்பு தயாராக இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அது பயன்படும். தனியார் நிலத்தில் நிற்கும் கட்டடத்துக்குப் பொதுப் பணத்தைப் பெரிய அளவில் கொட்ட எந்த அதிகாரியும் தயங்குவார். நாளைக்கு நிலக்காரர் காலி செய்யச் சொன்னால் அந்தப் பணம் யாருக்குப் போகும்? அவருடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதைத் தீர்த்துவைப்பது நம் வேலை.

இங்கே ஒரு சிக்கலை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டு அரசியலமைப்பின்படி கல்வி மத்திய அரசின் கையில், நிலம் மாநில அரசின் கையில். புத்ராஜெயாவில் ஒரு கோப்பு ஓடும்போது ஈப்போவில் இன்னொரு கோப்பு ஓட வேண்டும். கல்வி அமைச்சுக்கு மட்டும் மனு எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வாரியங்களை நான் அறிவேன். மாநில அரசு நினைத்தால், தன்னிடமுள்ள நிலத்தைத் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கி அரசிதழில் வெளியிடலாம். அப்படி வெளியாகிவிட்டால் பள்ளியின் கால் ஊன்றிவிடும். அடிமனை தோட்டக் கம்பெனியிடமே இருந்தால், அந்தத் துண்டைப் பிரித்து மாநிலத்திடம் ஒப்படைக்கச் சொல்லிப் பேச வேண்டும். அதே சட்டத்தின் 214ஏ பிரிவையும் படித்து வை. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கை மாற வேண்டுமானால் மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்று காதில் விழுந்த உடனே பள்ளிக்கும் கோயிலுக்கும் மனை ஒதுக்கச் சொல்லி அங்கே எழுத்துமூலம் கொடு. விற்பனை முடிந்தபின் கேட்டால் கெஞ்சல்தான் மிஞ்சும்.

நிலத்தின் அருமையை நமக்கு முன்பே உணர்ந்தவர் ஒருவர் நம் பேராக்கிலேயே இருந்தார். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். 1950களில் வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்றபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள் வேலையும் வீடும் இழந்து வெளியேறினார்கள். அவர் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், உங்கள் பணத்திலேயே தோட்டம் வாங்கலாம் என்று பால் மரம் வெட்டுகிறவர்களிடம் பேசினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. 10 வெள்ளி அன்றைய தோட்டக் கூலிக்காரருக்குச் சிறிய தொகை இல்லை. வீட்டுச் செலவைச் சுருக்கித்தான் அதைக் கட்டியிருப்பார்கள். அதற்கும் முன்பே, 1954இல், சுங்கை சிப்புட்டில் அவர் முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். நாடு விடுதலை பெறாத காலம் அது. மானியத்துக்குக் காத்திருந்தால் அந்தப் பள்ளி எழுந்திருக்காது.

நிலக் கணக்கு தெளிவானதும் கட்டடத்துக்கு வா. உன் பட்டியலில் மண்டபம் முதலில் இருக்கிறது. அதைக் கடைசிக்குத் தள்ளு. உங்கள் பள்ளியில் 150 பேருக்கும் குறைவாகவே படிக்கிறார்கள், அதாவது அரசுக் கணக்கில் குறைந்த மாணவர் பள்ளி. அங்கே பெரிய மண்டபம் கேட்டால், இருக்கும் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்ற கேள்வி வரும். மின்கம்பி முதலில், கழிப்பறை அடுத்து, கூரை அதற்கு அடுத்து. மின்கம்பியில் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. கழிப்பறை சரியில்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நீயே அறிவாய். தாயார்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எட்டிப் பார்ப்பதும் அதைத்தான்.

மதிப்பீட்டைக் குத்தகையாளரின் வாய்ச்சொல்லில் வாங்காதே. பொதுப்பணி இலாகா அதிகாரியை அழைத்துக் கட்டடத்தைச் சோதிக்கச் சொல், அறிக்கையை எழுத்தில் வாங்கு. புதுக் கட்டடம் என்றால் மண் பரிசோதனை இல்லாமல் ஒரு காசும் மதிப்பிட முடியாது. கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புப் பாறை. மேலே நூறாண்டு ஈயம் தோண்டிக் கொட்டிய மணலும் சேறும். சுண்ணாம்புப் பாறைக்குள் பொந்துகள் இருக்கும். பழைய ஈயக்குட்டையைத் தூர்த்த இடத்தில் எழுப்பிய சுவர் சில ஆண்டுகளில் வெடிக்கும். அடித்தூண் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது தெரியாமல் போட்ட மதிப்பீடு வேலை தொடங்கிய முதல் மாதமே பொய்யாகிவிடும். பிறகு பாதிக் கட்டடமாக நிற்கும், மழையில் கம்பி துருப்பிடிக்கும்.

மானியம் ஒருமுறைதான் வரும், பராமரிப்பு ஆண்டுதோறும் வரும். இதை உலகத்தில் மிகத் தெளிவாகச் செய்து காட்டியவர் அமெரிக்க இரும்பு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி. அவர் பணத்தில் உலகெங்கும் 2,509 நூலகங்கள் எழுந்தன. கட்டடத்துக்குப் பணம் தருவார், ஆனால் இடத்தை ஊர் தர வேண்டும். நான் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலகத்தை நடத்த நீங்கள் ஒதுக்குவீர்கள் என்று ஊராட்சி உறுதி எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார். சில ஊர்கள் அந்த நிபந்தனைக்கு ஒப்பாமல் பணத்தை வேண்டாமென்றன. எனக்கு அந்த நிபந்தனை மிகவும் சரி என்றே படுகிறது. உன் மனுவோடு ஒரு பக்கம் சேர்த்து வை: கரையான் மருந்துக்கு, சாயத்துக்கு, மின்சாரச் சோதனைக்கு ஆண்டுக்கு எவ்வளவு, அது எங்கிருந்து வரும், யார் பொறுப்பு. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே, இவர்கள் கட்டடத்தைக் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு வரும்.

நம்மவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. காமராசர் முதல்வராக இருந்த காலத்தில், 1958இல் தொடங்கி, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். பள்ளிக்கு என்னென்ன தேவை என்று முன்கூட்டியே பட்டியல் போட்டார்கள். ஒருவர் கடிகாரம் தந்தார், ஒருவர் பெஞ்சு, ஒருவர் நிலம். பொதுவாக “பள்ளிக்கு உதவுங்கள்” என்று கேட்டால் இருபது வெள்ளி போடுகிற முன்னாள் மாணவர், மூன்றாம் வகுப்பின் ஆறு விசிறிகள் என்று விலையோடு காட்டினால் ஆறையும் ஏற்றுக்கொள்வார். பெரிய தொகை தருகிறவர்கள் வரிக் கழிவு கேட்பார்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அனுமதி பெற்றால்தான் அந்த ரசீது செல்லும். அனுமதி வருமுன் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே.

தேர்தல் நெருங்கும்போது பெரிய அட்டையில் காசோலை எழுதிப் படம் பிடிக்க அழைப்பார்கள். போ, மரியாதையாக வாங்கிக்கொள். ஆனால் அன்றே மூன்று விவரம் கேட்டுக் குறித்துக்கொள்: எந்த ஒதுக்கீட்டிலிருந்து, எந்த வங்கிக் கணக்குக்கு, எந்தத் தேதிக்குள். பணம் வாரியத்தின் கணக்குக்கு வர வேண்டும், தலைவர் கணக்குக்கோ குத்தகையாளர் கணக்குக்கோ போகக் கூடாது. காசோலையில் குறைந்தது இருவர் கையெழுத்து. வேலை முடிந்த அளவுக்குத்தான் பணம் விடு. குத்தகையாளர் சிஐடிபி எனும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பார். செலவுக் கணக்கைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் படித்துவிட்டு அறிவிப்புப் பலகையிலும் ஒட்டு. மூத்தவர்கள் சிலர் “சின்னப் பிள்ளை நம்மைச் சந்தேகப்படுகிறது” என்று முகம் சுளிப்பார்கள். நீ குரலை உயர்த்தாமல், எல்லா ஆண்டும் இப்படியே ஒட்டு. அடுத்த மானியத்துக்கு உன் மனுவோடு போகப்போவது அந்தக் கணக்குத்தான்.

இந்த வாரமே பத்து காஜாவிலுள்ள கிந்தா நில அலுவலகத்துக்குப் போ. உங்கள் பள்ளியின் மனை எண்ணைக் கொடுத்து உரிமைத் தேடல் விண்ணப்பம் போடு. எண் தெரியாவிட்டால் தலைமையாசிரியரிடம் பழைய வரைபடம் இருக்கிறதா என்று கேள். வாரியத்தின் நிர்வாக ஆவணம் நடப்பில் இருக்கிறதா, பழைய உறுப்பினர்கள் பெயரிலேயே நிற்கிறதா என்பதையும் மாநிலக் கல்வி இலாகாவில் விசாரித்து வை. இரண்டின் நகலையும் எனக்கு அனுப்பு. மாநில அரசுக்குப் போடும் மனுவை நாம் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
பெரியப்பா
ஈப்போ