கறுத்த சுரப்பியும் ஓர் ‘ஆகவே’யும்



அல்ட்ராசவுண்டில் தைராய்டு அட்டெனுவேஷன், அதாவது ஒலித் தேய்வு, பற்றிய உன் கட்டுரை வரைவைப் படித்தேன். அறிமுகப் பகுதியைத் தள்ளிவிட்டேன். ஜெல் எதற்கு, புரோப் எப்படி என்று உனக்கும் எனக்கும் இடையில் எதற்குப் பேச்சு? “ஹாஷிமோட்டோ தைராய்டு கறுப்பாகத் தெரிகிறது, ஆகவே அது ஒலியை அதிகம் உறிஞ்சுகிறது” என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘ஆகவே’யில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிஸ்டைப் பார். திரையில் அதைவிடக் கறுப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒலி அதனுள் தேயாமல் போவதால்தான் அதன் பின்பக்கம் பளிச்சென்று வெளுக்கிறது. நல்ல தைராய்டு வெளுப்பாகத் தெரிவது, கொலாய்டு நிறைந்த ஃபாலிக்கிள்கள் எதிரொலியைத் திருப்பி அனுப்புவதால். லிம்போசைட்டுகள் புகுந்து அவற்றை அழித்தால் திரும்பி வருவது குறையும், சுரப்பி கறுக்கும். உள்ளே போன ஒலி வழியில் எவ்வளவு இழந்தது என்பது தனிக் கணக்கு. அதைச் சுரப்பிக்குப் பின்னால், லாங்கஸ் கோலை தசையில் போய்ப் பார்க்க வேண்டும். உன் மூன்றாவது படத்தில் சுரப்பி நல்ல கறுப்பு, பின்னால் தசை துளியும் மங்கவில்லை. உன் படமே உன்னை மறுக்கிறதே, கவனிக்கவில்லையா?

1912-இல் ஹாஷிமோட்டோ நான்கு நோயாளிகளின் சுரப்பியைப் பற்றி எழுதியபோதே அதில் லிம்போசைட்டும் இருந்தது, நார்த்திசுவும் இருந்தது. முன்னது எதிரொலியைக் குறைக்கும்; நாரிலுள்ள கொலாஜன் நிஜமாகவே ஒலியைக் குடிக்கும். நோயை எந்தக் கட்டத்தில் பிடிக்கிறாயோ அதற்கேற்ப எண் மாறும். எல்லாரையும் ஒரே குழுவில் போட்டுச் சராசரி எடுத்திருக்கிறாய்.

இனி டிஜிசி, அதாவது டைம் கெயின் காம்பென்சேஷன். இந்த விஷயத்தில் எனக்குப் பைத்தியம் என்று உன் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள், சொல்லட்டும். ஆழத்தில் எதிரொலி தேய்வதைப் பெருக்கி ஈடுகட்டத்தான் அந்த ஸ்லைடர்கள். நீ அளக்க வந்த தேய்வை மெஷின் ஏற்கெனவே மறைத்துவிட்ட படத்தில், அதுவும் லாக் கம்ப்ரெஷன் முடிந்த பிறகு, சாம்பல் நிறத்தை எண்ணியிருக்கிறாய். ஸ்லைடர் எந்த நிலையில் இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. இதிலிருந்து அட்டெனுவேஷன் 0.683 டெசிபல்/செ.மீ./மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று தசமம் வேறு! ஸ்பெக்கிளால் மட்டுமே ஒரு புள்ளியின் அளவு சுமார் 5.6 டெசிபல் ஆடும். ஒன்றரை செ.மீ. தடிப்புள்ள மடலில், 10 மெகாஹெர்ட்ஸில், உன் எண்ணில் 0.05 வித்தியாசம் என்றால் போகவர வெறும் 1.5 டெசிபல்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பெரிய கோபக்காரர். காலையில் வந்ததும் ஸ்லைடர்களை எல்லாம் ஒரே நேர்கோட்டில் வைப்பார். இரவு டியூட்டிக்காரர் பித்தப்பைக்காக வளைத்துவிட்டுப் போன நிலையிலேயே யாராவது கழுத்தில் புரோப் வைத்தால், அன்று மத்தியானம் வரை யாருடனும் பேசமாட்டார். டீ வந்து ஆறிக் கிடக்கும். அறை முழுக்க மெஷின் ஃபேன் சத்தம் மட்டும்தான். அந்த மனிதரிடம் பயந்து பயந்து பார்த்ததில்தான் கழுத்தே எனக்குப் புரிந்தது. போகட்டும்.

ஆனால் உன் நான்காவது அட்டவணை! புரோபை எடுத்து, மறுபடி வைத்து, இன்னொருவரையும் அளக்கச் சொல்லி, அழுத்தினால் எண் எப்படி மாறுகிறது என்று அப்படியே போட்டிருக்கிறாய். இப்படி அளப்பவர்களே குறைவு. அளந்தாலும் எண் கலைந்தால் வெளியில் காட்டமாட்டார்கள். அதை இரண்டு முறை படித்தேன். அசல் வேலை.

மெஷின் கம்பெனிக்காரர்களிடம் கேட்டு ரா ஆர்எஃப் டேட்டாவை வாங்கு. நோயாளியை அளந்த அதே செட்டிங்கில், அட்டெனுவேஷன் தெரிந்த ஃபேண்டமையும் அளந்து ஒப்பிடு. டிஜிசி தானாக அடிபட்டுப் போகும். யாவோ, ஜாக்ஸெப்ஸ்கி, மேட்சன் மூவரும் 1990-இலேயே சொன்ன வழி இது. அதைச் செய்து முடிக்கும்வரை இந்தக் கட்டுரையை எந்த ஜர்னலுக்கும் அனுப்பாதே.