நின்று வேலை செய்ய ஒரு மேசை

கேள்வி: முதுகுளத்தூரில் எங்கள் பள்ளியின் பழைய வகுப்பறையை மாணவர் பட்டறையாக்குகிறோம். மேசை, நாற்காலி எப்படி இருக்கலாம்?

பதில்: நாற்காலி அதிகம் வேண்டாம். அறுக்கவும் இழைக்கவும் உடம்பின் பாரம் இறங்க வேண்டும். பிள்ளைகள் நின்றுதான் செய்ய வேண்டும். நிற்கும் பிள்ளையின் மணிக்கட்டு உயரமே மேசையின் உயரம். ஆறாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஒரே மேசை ஆகாது, இரண்டு அளவில் செய்யுங்கள்.

மேற்பலகைக்கு வேம்பு போதும். கால்களுக்கு, உங்கள் பக்கம் கரிமூட்டத்துக்குப் போகும் சீமைக்கருவேலம். கனமான, உறுதியான மரம் அது. எரித்துத் தீர்ப்பது எனக்கு வருத்தம். கோணலாக வளரும் என்பதால் நேரான குட்டைத் துண்டுகளாகப் பொறுக்கி, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸைக் காலுக்கு நேர் மேலே பொருத்தினால் மேசை ஆடாது.

இடத்தைப் பொறுத்தவரை, பள்ளிகளில் மாணவர் பட்டறை அமைக்க 2016இல் தொடங்கிய மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் சமவெளிப் பள்ளிகளிடம் 1,500 சதுர அடி கேட்டது. அவ்வளவு இல்லையென்று தயங்காதீர்கள். மேசையைச் சுவரோடு ஒட்டாமல் நடுவில் போட்டால் நாலு பக்கமும் ஆள் நிற்கலாம்.