குருத்தும் கீற்றும்: நெடுங்கால முதலீடும் நாள் வணிகமும்

முன்னுரை

திருக்குறளின் பொருட்பாலில் 'பொருள் செயல்வகை' 76ஆம் அதிகாரமாகவும் 'சூது' 94ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. பொருள் ஈட்டுதலையும் சூதாடுதலையும் வள்ளுவர் தனித்தனியே வைத்து எண்ணினார். இன்றைய பங்குச் சந்தையிலோ இவ்விரண்டும் ஒரே கைப்பேசித் திரையில் அருகருகே நிற்கின்றன.

எம் மாணவர் ஒருவர், சம்பா அறுவடைப் பணத்திலிருந்து தந்தையார் எடுத்துக் கொடுத்த பருவக் கட்டணத்தை மூன்றே நாளில் பங்கு வணிகத்தில் இழந்து எம்முன் தலைகவிழ்ந்து நின்றார். "இன்னும் ஒரு நாள் கிடைத்திருந்தால் மீட்டிருப்பேன், ஐயா" என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

நாள் வணிகத்தின் இயல்பு

காலையில் வாங்கிய பங்கை அன்றே சந்தை மூடுமுன் விற்றுத் தீர்ப்பது நாள் வணிகம். இதில் நிறுவனம் என்ன செய்கிறது என்பது கருதப்படுவதில்லை. விலையின் அசைவே கருதப்படுகிறது.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் 'செபி' வாரியம் 2024 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் நாள் வணிகம் செய்த தனிநபர்களில் 10 பேருக்கு 7 பேர் இழப்படைந்தனர் என்பது அதன் முடிவு. 30 வயதுக்கு உட்பட்டோரில் இழந்தோர் 76 விழுக்காட்டினர். ஓராண்டில் 500 முறைக்கு மேல் வணிகம் செய்தோரில் இழந்தோர் 80 விழுக்காட்டினர்.

இக்கடைசிக் கணக்கு ஆழ்ந்து நோக்கற்பாலது. எத்தொழிலும் செய்யச் செய்யக் கைவரும் என்பது நாம் அறிந்த நெறி. இங்கோ மிகுதியாகச் செய்தோரே மிகுதியாக இழந்துள்ளனர். வாங்கும்போதும் விற்கும்போதும் தரகும் வரியும் கழிகின்றன. கடன் வாங்கி ஆடுவோர்க்குச் சிறு சரிவும் பேரிழப்பாகிறது. எனவே அம்மாணவர் வேண்டிய 'இன்னும் ஒரு நாள்' அவரை மீட்டிருக்கும் எனக் கொள்வதற்கில்லை.

மீண்டெழும் நிறுவனங்கள்

இதற்கு மறுதலையானது, நலிந்த நிறுவனம் நலம்பெறும் என ஆய்ந்து, அதன் பங்கை வாங்கிப் பல்லாண்டு காத்திருக்கும் முறை. இதனை விளக்க நம் மண்ணிலேயே உவமை உண்டு. 2018 நவம்பர் 16 அன்று 'கஜா' புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் அழிந்தன. தென்னைக்கு உயிர் அதன் குருத்தில். கீற்றெல்லாம் ஒடிந்தாலும் குருத்து இருப்பின் மரம் தழைக்கும். குருத்து அழுகின் எத்தனை ஆண்டு நீர் பாய்ச்சினும் பயனில்லை. பங்கின் விலை காற்றில் ஆடும் கீற்று. நிறுவனத்தின் தொழில் குருத்து.

இரு வங்கிகளின் வரலாறு

1906இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்து பல குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. அதன் பின்னர் 1907இல் தோன்றியது இந்தியன் வங்கி. நம் ஊரைச் சேர்ந்த தஞ்சாவூர் வங்கி 1990இல் இதனுடன்தான் இணைந்தது. இவ்வங்கியே 1995-96இல் 1,336 கோடி ரூபாய் இழப்புக் கண்டது. எனினும் வைப்பாளர்கள் விட்டு அகலவில்லை, கிளைகள் இயங்கின, உரிமையாளராகிய அரசு முதல் அளித்தது. குருத்து இருந்தது. 2001-02இல் வங்கி இலாபத்திற்குத் திரும்பியது.

2007இல் இதன் பங்குகள் தலா 91 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டன. 13 ஆண்டுகள் கழித்து, 2020இல், விலை அதனினும் கீழே கிடந்தது. 2024இல் 500 ரூபாயைக் கடந்தது. மீட்சி பெற்ற வங்கியின் பங்கிற்கும் இத்துணை நெடிய பொறுமை வேண்டியிருந்தது.

எனினும் பொறுமை ஒன்றே போதும் எனக் கொள்ளுதல் பிழை. 1926இல் கரூரில் தோன்றிய இலட்சுமி விலாஸ் வங்கியின் பங்கு சரிந்தபோது, 'விலை மலிந்தது, பின்னர் ஏறும்' என்று கருதி வாங்கியோரும் உளர். வாராக்கடன் பெருகிற்று, முதல் கரைந்தது. 2020 நவம்பர் 27 அன்று அவ்வங்கி டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைக்கப்பட்டது. வைப்பாளர்களின் பணம் காக்கப்பட்டது. பங்குதாரர்களின் முதலோ முற்றிலும் நீக்கப்பட்டது. காத்திருந்தோர்க்கு ஒரு ரூபாயும் எஞ்சவில்லை.

அறிய வேண்டுவன

ஆகவே பங்கு வாங்குவோர் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். நிறுவனத்தின் முதன்மைத் தொழிலுக்கு இன்னும் தேவை உள்ளதா? அதன் கடன், வருவாய் தாங்கும் அளவினதா? இழப்பின் காரணம் உண்மையாகவே களையப்பட்டதா, அன்றி வாக்குறுதி மட்டும் தரப்பட்டதா? நாம் இடும் பணம் பல்லாண்டுகட்கு நமக்குத் தேவைப்படாததா? இவற்றுள் ஒன்றற்கேனும் விடை தெரியாவிடின் விலகி நிற்றலே அறிவுடைமை. விடை தெரிந்தவிடத்தும் முழுப் பணத்தையும் ஒரே நிறுவனத்தில் இடலாகாது.

முடிவுரை

அம்மாணவரின் தாயார் காதணியை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தினார். அவர் இழந்தது தம் பணம் அன்று. ஒரு குடும்பம் சேற்றில் நின்று ஈட்டிய ஒரு போகத்தின் பயன். விதைநெல்லை எடுத்துச் சோறாக்கும் வழக்கம் உழவர்க்கு இல்லை. கல்விக் கட்டணமும் மருத்துவச் செலவும் நம் விதைநெல். அவற்றை எச்சந்தைக்கும் கொண்டு செல்லலாகாது. மிஞ்சியதை முதலிட விழைவோர் குருத்தைப் பார்த்து இடுக. கீற்றின் ஆட்டத்தைப் பார்த்து இடற்க.