பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருந்தால் போதுமா?

உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிய எவரும் மனநோய்க்குச் சிகிச்சை தரலாம் என்பது தூத்துக்குடியிலும் பலர் நம்புவதுதான். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று இருப்பதால் மாத்திரையும் எழுதுவார் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. இரண்டும் தவறு. மாத்திரை எழுதுபவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர். மருத்துவ உளவியலாளர் வேறு. அவருக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்று, இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற மருத்துவ உளவியல் தகுதி. மற்றொன்று, உளவியலில் முதுநிலைக்குப் பிறகு, மேற்பார்வையில் பெறும் பயிற்சி அடங்கிய ஈராண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பு. ஆய்வேடு எழுதி வாங்கிய முனைவர் பட்டம் மட்டும் கையில் இருந்தால் இந்தக் கணக்கில் சேராது.

அந்த ஈராண்டில்தான் மாணவர் நோயாளியின் வரலாறு கேட்கவும், உளவியல் சோதனைகள் நடத்தவும், மூத்தவர் கண்பார்வையில் சிகிச்சை தரவும் பழகுகிறார். 2022 விதிகளில் எம்.ஃபிலையே கைவிட்ட பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கைக்கு அவகாசம் தந்தது. வெறும் ஆய்வுப் பட்டமாக இருந்திருந்தால் அந்தச் சலுகைக்கு அவசியமே இருந்திருக்காது. அமெரிக்காவில் முனைவர் பட்டம்தானே கேட்கிறார்கள் என்று மறுக்கலாம். உண்மைதான், ஆனால் அங்கே மருத்துவ உளவியல் முனைவர் படிப்புக்குள்ளேயே நோயாளிகளோடு பழகும் பயிற்சியும், பொதுவாக ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் இருக்கின்றன. ஆக, அங்கேயும் பயிற்சி இல்லாமல் உரிமம் இல்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. இவ்வளவு கெடுபிடி வைத்தால் ஆள் கிடைப்பார்களா, ஆறுதல் சொல்லப் பட்டயம் எதற்கு? தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த நாளில், சுறாவை மந்திரத்தால் கட்டும் ‘கடல்கட்டி’ இல்லாமல் பலர் கடலில் இறங்கத் தயங்கினார்கள். அவர் தந்த துணிவு உண்மையானது. அதை ஏளனம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் ஒருவரின் சோர்வு மனச்சோர்வா, தைராய்டுக் குறைவா, தலையில் பட்ட அடியின் விளைவா என்று சந்தேகித்து, உரிய மருத்துவரிடம் அனுப்ப ஆறுதல் மட்டும் போதாது. ஆள் பற்றாக்குறைக்கு வேறு வழி இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், சமூகப் பணியாளர்களுக்கு அடிப்படை உளவியல் ஆதரவில் பயிற்சி தந்தது. அவர்கள் துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். கடுமையான பாதிப்பு உள்ளவர்களை நிபுணரிடம் அனுப்பினார்கள். நிபுணர் என்ற பெயரை அவர்கள் எடுத்துக்கொள்ளவும் இல்லை, எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கவும் இல்லை.